ஈத்தூண்டிலைத் தொலைவில் வீசும் முறை

தில்லி ஓக்லாவில் ஆக்ரா கால்வாயின் தலைமதகு உள்ளது. 1874-இல் அக்கால்வாய் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மகசீர் மீனுக்குத் தூண்டில் போட்டவர்கள் நாடிச் சென்ற இடங்களுள் ஓக்லாவும் ஒன்று. இன்று அங்கே யமுனையில் மிதக்கும் நுரையைத்தான் காண்கிறோம். ஆகவே தலைநகரில் வாழும் தூண்டில் ஆர்வலர்கள், ஓரிரவுப் பேருந்துப் பயணத் தொலைவில் இமாசலப் பிரதேசத்தில் ஓடும் தீர்த்தன் ஆற்றுக்குச் செல்கின்றனர். குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனைச் செயற்கை ஈயைக் கொண்டு அங்கே பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடைக்காலம். மற்ற மாதங்களிலும் மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். நமக்குக் கிடைப்பதோ இரண்டு நாள் விடுப்பு. அதில் பாதியைக் கயிற்றின் சிக்கலைப் பிரிப்பதிலேயே கழித்தவர்களுள் நானும் ஒருவன். வீச்சைத் தில்லியின் புல்வெளியிலேயே பழகிக்கொண்டு புறப்பட்டிருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நைலான் நரம்பை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் குண்டு கிடையாது. கொக்கியின் மேல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த ஈக்கு எடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கனமெல்லாம் மேற்பூச்சிட்ட தடித்த கயிற்றில் இருக்கிறது. டிரவுட் பிடிக்கப் பரவலாகப் பயன்படும் 5-ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ளது. நாம் வீசுவது அக்கயிற்றையே. இதை உணராதவர் கல்லெறிவதுபோல் தோள்வலிமை முழுவதையும் செலவிடுவார். கயிறோ அவர் காலடியிலேயே சுருண்டு விழும்.

தொலைவுக்கு உடல்வலிமை அடிப்படையன்று. பின்னாளில் ஜோன் வுல்ஃப் என அறியப்பட்ட அமெரிக்கப் பெண்மணி, 1951-இல் தொலைவு வீச்சுப் போட்டியொன்றில் தம்முடன் போட்டியிட்ட ஆடவர் அனைவரையும் வென்றார். 1960-இல் அவர் 161 அடி, அதாவது ஏறத்தாழ 49 மீட்டர், வீசினார்.

வீச்சின் உயிர் நிறுத்தத்தில் இருக்கிறது. கோலை மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக விரைவுபடுத்தி, சட்டென்று நிறுத்த வேண்டும். வளைந்த கோல் அப்போது நிமிர்கிறது. கயிறு கோல்நுனியைக் கடந்து, மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவைப் போன்ற மடிப்பாக விரிகிறது. கோல்நுனி நேர்கோட்டில் சென்றால் மடிப்பு குறுகலாக இருந்து காற்றைக் கிழித்துச் செல்லும். மணிக்கட்டைத் தளரவிட்டுக் கோலை முதுகுப்புறம் சாய்த்தால் நுனி வில்போல் வளைந்து செல்லும். மடிப்பு அகன்று, விசை வீணாகும். தொடக்கத்திலேயே வெடுக்கென்று இழுப்பதும் தவறு. அப்போது நுனி தாழ்ந்து, கயிறு தன்னையே குறுக்கே கடந்து, மெல்லிய நரம்பில் முடிச்சு விழும்.

அடுத்தது காத்திருத்தல். பின்புறம் சென்ற கயிறு நீண்டு விரியும்வரை கை அசையலாகாது. அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கும் ஓசை கேட்கும். ஈ அறுந்து போயிருக்கும். கயிற்றின் நீளம் கூடக்கூடக் காத்திருக்கும் நேரமும் கைவீச்சின் நீளமும் கூட வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதில் வெட்கம் வேண்டியதில்லை. கோல் வாங்கிய புதிதில் நான் முன்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை முழுவதும் பின்புறத்தில் இருந்தது.

இவ்விரண்டும் கைவந்த பின்னரே இரட்டை இழுப்பைப் பழக வேண்டும். வலக்கை கோலை விரைவுபடுத்தும் அதே கணத்தில் இடக்கை கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கும். கோல் நின்றதும், கயிறு பின்னால் விரியும்போது, இடக்கை மீண்டும் மேலேறிக் கயிற்றை விட்டுக்கொடுக்கும். முன்வீச்சிலும் அவ்வாறே. இறுதி நிறுத்தத்துக்குப் பின் விரல்களைத் தளர்த்தினால், மிச்சக் கயிறும் ஓடிச் செல்லும். ஆகஸ்ட் 15 அன்று பழைய தில்லியின் மொட்டைமாடிகளில் பட்டம் விடுவோரின் ‘கீஞ்ச்’, ‘டீல்’ என்னும் இழுப்பையும் தளர்த்தலையும் கண்டவர்களுக்கு இது விரைவில் விளங்கும்.

பயிற்சியின்போது கொக்கியைக் கழற்றிவிட்டுக் கம்பளி நூல் துணுக்கைக் கட்டுங்கள். கண்ணில் பட்டாலும் காயம் குறைவு. மின்கம்பிகளின் அருகில் ஒருபோதும் வீசாதீர்கள். கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. அவற்றில் மின்சாரம் பாயும். அதிகாலையில், நடப்போர் இல்லாத புல்வெளியில், 10 மீட்டர் தொலைவில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் நூல் மெதுவாக விழும்வரை பழகிய பின்னரே 12, 15 மீட்டர் என நகருங்கள். ஒரு நாளுக்கு இருபது நிமிடம் போதும். கை களைத்தபின் பழகுவது பிழையை மட்டுமே நிலைபெறச் செய்யும்.

ஆற்றில் 10 மீட்டரே பல வேளைகளில் போதுமானது என்பது உண்மைதான். ஆனால் 20 மீட்டர் வீசத் தெரிந்தவர் அந்தப் பத்து மீட்டரைப் பள்ளத்தாக்கின் எதிர்காற்றிலும் பதற்றமின்றி வீசுவார். தீர்த்தன் கரையில் முதுகுக்குப் பின்னால் மரங்கள் நிற்கும் இடங்களும் உண்டு. அங்கே பின்வீச்சை உயரமாக அனுப்புங்கள். அதற்கும் இடமில்லையெனில் கயிற்றைத் தண்ணீரிலிருந்தே உருட்டி முன்னே அனுப்புங்கள்.