ஓர் எண் தந்த தீர்ப்பு

நுழையும்முன்

சில முறை உண்மையாக இருப்பது எப்போதும் உண்மையாகுமா? அன்றாட வாழ்வில் நாம் சிலவற்றைக் கண்டே பொதுமுடிவுக்கு வந்துவிடுகிறோம். கணிதமோ ஒவ்வொரு முடிவிற்கும் நிறுவலைக் கேட்கிறது. அதன் தேவையைப் பத்து இலக்க எண் ஒன்று உணர்த்திய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

தொடரின் பிறப்பு

2-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 4. 4-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 16. இவ்வாறே தொடர்ந்தால் 256, 65536, 4294967296 என எண்கள் விரைந்து வளரும். இவை ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகியவை கிடைக்கும். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது, 1-ஆலும் தம்மாலும் அன்றிப் பிற இயல் எண்களால் மீதியின்றி வகுபடாதவை.

பிரான்சு நாட்டின் துலூசு நகரில் நீதித்துறையில் பணியாற்றியவாறே கணிதத்தில் ஆழ்ந்தவர் பியர் தெ ஃபெர்மா. இத்தொடரின் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று 1640-இல் அவர் கடிதத்தில் எழுதினார். முழுமையான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும் தம் கருத்தில் உறுதியாக இருந்தார்.

ஆறாவது எண்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்னும் ஆறாவது எண்ணைச் சோதிப்பது எளிதன்று. ஓர் எண் பகு எண்ணாயின், அதன் பகாக் காரணிகளுள் ஒன்றேனும் அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. எனவே, 65536-க்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். ஆனால், அவையே 6542 உள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில் அது பெரும் உழைப்பு.

ஆய்லரின் வழி

இவ்வெண் பகு எண்ணே என்பதை 1732-இல் இருபத்தைந்து வயது இளைஞரான லியோனார்டு ஆய்லர் கண்டு காட்டினார். இதற்குப் பகாக் காரணி இருப்பின், அது 64-இன் மடங்கு ஒன்றுடன் 1-ஐக் கூட்டிக் கிடைப்பதாகவே இருத்தல் வேண்டும் என்பதையும் அவர் நிறுவினார். இவ்வாறு அமையும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடரும். முதல் நான்கால் வகுத்தால் மீதி வருகிறது. ஐந்தாவதான 641 மீதியின்றி வகுக்கிறது.

641 × 6700417 = 4294967297

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலவிய கருத்து, ஒரே பெருக்கலில் வீழ்ந்தது. ஐந்து சான்றுகள் ஒரு கருத்தை நம்பச் செய்யலாம், நிறுவிவிடா. அதனை மறுப்பதற்கோ ஓர் எதிர் எடுத்துக்காட்டே போதும். மேதையின் சொல்லாயினும் ஆராய்ந்தே ஏற்றல் அறிவியலின் நெறியாகும்.

தெரிந்து தெளிவோம்

ஃபெர்மாவின் கருத்து பிழையானாலும் அவர் சுட்டிய எண்கள் பயனற்றுப் போகவில்லை. கவராயமும் அளவுக் குறியீடற்ற நேர்கோலும் கொண்டே 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரைய இயலும் என 1796-இல் காஸ் நிறுவினார். அந்த 17 இத்தொடரின் மூன்றாம் எண். இத்தொடரில் ஆறாவது பகா எண் இன்றுவரை கண்டறியப்படவில்லை. இனி இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை.

கற்பவை கற்றபின்

1. 6700417 என்னும் காரணியும் 64-இன் மடங்குடன் 1-ஐக் கூட்டிக் கிடைப்பதே என்பதைச் சரிபார்க்க.
2. 'பலர் நம்புவதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது' – இக்கூற்றை இப்பாடத்தின் துணைகொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.