நூலகப் பணியாளரும் இருபத்து மூன்று பாடங்களும்

நூலகப் பணியாளர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்றுண்டு. கேட்ட நூல் எந்த அடுக்கில் உள்ளதெனத் தலை நிமிராமலே சொல்பவர் அவர். அறிய வருவோரிடையே அறிந்தவராக அமர்ந்திருப்பவர். அத்தகையவர், தம்மிடம் நூல் இரவல் பெற வரும் பதினைந்து வயதுச் சிறுவனுக்குத் தெரிந்த ஒன்று தமக்குத் தெரியவில்லை என உணரும் நாளில் என்ன செய்வார்? தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளலாம், அது நூலகத்தின் வேலையன்று என ஒதுக்கலாம், அன்றி, மீண்டும் மாணவராகலாம். மூன்றாவது வழியை ஒரு நூலகம் எவ்வாறு மேற்கொண்டது என்பதை ஈண்டு நோக்குவோம்.

2005ஆம் ஆண்டை ஒட்டி இணையத்தின் இயல்பே மாறத் தொடங்கியிருந்தது. அதுவரை பெரும்பாலோர் அதில் படித்தனர். அப்பொழுதோ எழுதவும், ஒளிப்படங்களைப் பகிரவும், பிறர் இட்டவற்றிற்குக் குறிப்பெழுதவும் தொடங்கினர். இம்மாற்றத்தை உட்கொள்ளும் நூலகத்திற்கு 'நூலகம் 2.0' என்னும் பெயரை மைக்கேல் கேசி என்னும் அமெரிக்க நூலகர் அவ்வாண்டில் வழங்கினார். பெயர் பரவியது. ஆனால் அன்றாடம் நூல்களை வழங்கியும் திரும்பப் பெற்றும் வந்த பணியாளர் பலருக்கு, அப்பெயர் குறித்த கருவிகளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே இருந்ததில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லட் நகரப் பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த ஹெலீன் பிளோவர்ஸ், 2006 ஆகஸ்டில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அதில் வகுப்பறை இல்லை, கரும்பலகை இல்லை, தேர்வும் இல்லை. ஒன்பது வாரங்களில் 23 செயல்களைப் பணியாளர் தாமே செய்து பார்க்க வேண்டும். தமக்கென ஒரு வலைப்பூவைத் தொடங்குதல், ஃபிளிக்கர் தளத்தில் ஒளிப்படங்களைக் காணுதல், செய்தியோடைகளைத் திரட்டுதல், லைப்ரரிதிங் தளத்தில் தம் நூல்களைப் பட்டியலிடுதல், விக்கிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தல் என அவை விரிந்தன. ஒவ்வொன்றையும் செய்தபின் அதில் கண்ட வியப்பையோ எரிச்சலையோ தம் வலைப்பூவில் எழுத வேண்டும். முழுவதையும் உரிய காலத்தில் முடித்தவர்க்கு எம்.பி.3 இசைக்கருவி ஒன்று பரிசு. பரிசு காட்டிப் படிக்கவைப்பது தகுமா என நம்மவர் வினவக்கூடும். அந்தப் பரிசும் கற்க வேண்டிய கருவிகளுள் ஒன்றே என்பதை மறத்தலாகாது.

பயிற்சியின் முகப்பில், வாழ்நாள் முழுதும் கற்போர்க்குரிய பழக்கங்களாக 'ஏழரை' பழக்கங்கள் கூறப்பட்டன. கற்றலுக்குத் தானே பொறுப்பேற்றல், இடர்களை அறைகூவல்களாகக் கொள்ளல், பிறர்க்குக் கற்பித்தல் முதலியன அவ்வேழனுள் அடங்கும். எஞ்சிய அரை, விளையாட்டு! வகுப்பில் விளையாடுவோரை வெளியே நிறுத்திப் பழகிய ஆசிரியராகிய நமக்கு இது சற்று உறுத்தத்தான் செய்கிறது. எனினும் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் வரலாற்றை அறிந்தோர் இதனை எள்ளி நகையாடார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் அமர்ந்து, இலண்டனில் நூலகவியல் பயின்ற காலத்தில், கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். ஒரே துண்டுகளை வெவ்வேறாக இணைத்து வெவ்வேறு உருவங்களை ஆக்கும் அதன் முறையே, 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு வித்தாயிற்று.

இருபத்து மூன்றனுள் பணியாளரின் தொழிலறிவையே நேராகத் தொட்டது, குறிச்சொல் இடும் பாடமாகும். டெலிஷியஸ் என்னும் தளத்தில் தாம் விரும்பிய இணையப் பக்கங்களுக்கு எவரும் எச்சொல்லையும் அடையாளமாக இடலாம். பகுப்பெண்ணுக்கும் பொருள் தலைப்புக்கும் பல ஆண்டுகள் பயின்றவர்க்கு இது எவ்வாறு இருந்திருக்கும்? நமக்கு அணுக்கமான நூலொன்றை வைத்து இதனை விளக்குவோம்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை எந்த அடுக்கில் வைப்பது? தூயி தசமப் பகுப்பின்படி தமிழ் இலக்கியத்திற்கு 894.811, இசுலாத்திற்கு 297. காப்பியம் எனக் கொண்டு முதலாவதில் வைத்தால், நபிகள் நாயகத்தின் வரலாறு தேடி 297ஆம் அடுக்கின்முன் நிற்கும் மாணவன் வெறுங்கையுடன் மீள்வான். அங்கே வைத்தாலோ, விலாதத்துக் காண்டத்தில் நாட்டு வருணனை தேடும் தமிழ் மாணவன் ஏமாறுவான். பட்டியலில் துணைப்பதிவு இட்டு இக்குறையை நீக்கலாம். ஆயின் அதனை இடுபவரும் நூலகரே. வாசகர் தேடிவரும் வழிகள் அனைத்தையும் அவர் ஒருவரே முன்னுணர்தல் அரிது. குறிச்சொல்லோ வாசகரிடமிருந்தே வருகிறது. 'காப்பியம்', 'நபி வரலாறு', 'கீழக்கரை', 'சீதக்காதி' என எத்தனை வாயில்களையும் ஒரு நூலுக்குத் திறக்கலாம்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் 'முகம்மது' என எழுதுவார். மற்றொருவர் 'முஹம்மது' என்பார். பிறிதொருவர் 'நபிகள்' என்றே நிறுத்துவார். மூவர் இட்டவையும் மூன்று அறைகளில் கிடக்கும். அவற்றை ஒன்றெனக் காணும் கண் பட்டியலிடும் பணியாளருக்கே உண்டு. ஆகவே, அப்பாடத்தால் தம் தொழில் ஒழிந்ததென அவர் அஞ்ச வேண்டியதில்லை. 2008 சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் தன் பழைய ஒளிப்படங்களுள் ஏறத்தாழ 3,000ஐ ஃபிளிக்கரில் இட்டபோது, அவற்றிலிருந்த இடங்களையும் ஆட்களையும் பொதுமக்கள் பலர் அடையாளம் காட்டினர். நூலகப் பணியாளர் அவற்றைச் சரிபார்த்தே தம் பதிவுகளில் சேர்த்தனர்.

சார்லட் நகரத்தார் தம் பாடங்களைப் பிறர் எடுத்தாள இசைவளித்ததனால், அவை ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளின் நூறு நூறு நூலகங்களுக்குச் சென்றன. அன்று கற்ற கருவிகளோ நிலைக்கவில்லை. செய்தியோடைக்குப் பலர் நாடிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டது. டெலிஷியசும் 2017இல் புதிய பதிவுகளை ஏற்பதை நிறுத்தியது. அந்த ஒன்பது வாரங்களும் வீணோ என்னும் ஐயம் எழலாம். ஒரு கருவியின் பொத்தான்களை மனப்பாடம் செய்தவருக்கு வீண்தான். அறியாத ஒன்றின்முன் அமர்ந்து, தவறாக அழுத்தி, வெட்கப்படாமல் பக்கத்து மேசைக்காரரைக் கேட்கப் பழகியவருக்கு, அடுத்த கருவி அத்துணை அச்சம் தந்திராது.

2016இல் எடின்பரோ பல்கலைக்கழகம் இதே இருபத்து மூன்று என்னும் எண்ணை வைத்துத் தன் பாடங்களை அமைத்தது. அங்கே தொடக்கப் பாடங்களுள் ஒன்று, இணையத்தில் நாம் விட்டுச்செல்லும் காலடித் தடங்களைப் பற்றியது. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய பட்டியலில் அப்படி ஒரு பாடம் தனியே இருந்ததில்லை.