பொட்டலமா, போத்தலா?
குடும்பச் சிக்கனப் பாடம்

மாதக் கடைசியில் சம்பளப் பணம் எவ்வாறு செலவாயிற்று என்று கணக்குப் பார்க்கும்போது அரிசி, மீன், மின்சாரம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவை உடனே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், கடையில் சரஞ்சரமாகத் தொங்கும் ஷாம்புப் பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்து வாங்கிய 50 காசு எவருடைய நினைவிலும் தங்குவதில்லை. ஒரு பொட்டலம் பெரிய செலவன்று. எனினும் அது வாரந்தோறும், ஆள்தோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு. அதனை ஓர் ஆண்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நாம் அறிந்த கணக்கே

பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு இக்கணக்குப் புதியதன்று. வாளியிலுள்ள பாலின் எடையை மட்டும் கொண்டு அதன் மதிப்பை எவரும் முடிவு செய்வதில்லை. மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடே உலர்ந்த ரப்பர்; எஞ்சியதில் பெரும்பகுதி நீரே. மழைநீர் கலந்த பால் எடையில் கூடுமேயன்றி ரப்பரில் கூடாது. ஆகவேதான் மெட்ரோலாக் கருவியைக் கொண்டோ ஆய்வுக்கூடச் சோதனையின் வழியோ அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் அளவு கண்டறியப்படுகிறது.

கடையில் பொருள் வாங்கும்போதும் இதே அறிவு நமக்கு வேண்டும். உறையின்மேல் அச்சிட்ட விலை வாளியின் எடையைப் போன்றது. உள்ளிருக்கும் பொருள் எவ்வளவு என்பதே நாம் அறியவேண்டியது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. விலையை அளவால் வகுத்து, வந்த எண்ணை 100ஆல் பெருக்குக. அதுவே 100 மில்லிலீட்டரின் அல்லது 100 கிராமின் விலையாகும். இரண்டு பொருள்களையும் இவ்வாறு ஒரே அளவுக்குக் கொண்டு வந்த பின்னரே எது மலிவு என்று கூறமுடியும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டிற்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் கடையின் விலை வேறாக இருக்கலாம்; கணக்கிடும் முறை ஒன்றே.

பொட்டலம்: 6 மில்லிலீட்டர், விலை 50 காசு. 100 மில்லிலீட்டருக்கு 8 வெள்ளி 33 காசு.
சிறு போத்தல்: 70 மில்லிலீட்டர், விலை 4 வெள்ளி 20 காசு. 100 மில்லிலீட்டருக்கு 6 வெள்ளி.
பெரிய போத்தல்: 320 மில்லிலீட்டர், விலை 12 வெள்ளி 80 காசு. 100 மில்லிலீட்டருக்கு 4 வெள்ளி.

நால்வர் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் வாரத்திற்கு இருமுறை தலை முழுகுவதாகக் கொள்வோம். வாரத்திற்கு 8 பொட்டலம். அதற்கு 4 வெள்ளி. ஆண்டின் 52 வாரத்திற்கு 416 பொட்டலம். அதற்கு 208 வெள்ளி. அதே 6 மில்லிலீட்டர் அளவைப் போத்தலிலிருந்து எடுத்தால் ஆண்டிற்கு 2,496 மில்லிலீட்டர் வேண்டும். 8 பெரிய போத்தல் போதும்; அதற்கு 102 வெள்ளி 40 காசு. மிச்சம் 105 வெள்ளி 60 காசு.

இத்தொகை சிறிதா, பெரிதா? 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதனை 26 வேலை நாள்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி 38 காசு வருகிறது. எனவே, தலைக்குத் தேய்க்கும் ஒரு பொருளில் மட்டும் ஒன்றரை நாள் உழைப்பிற்கும் மேலான பணம் பொட்டலத்தோடு போய்விடுகிறது. பற்பசை, துணி வெளுக்கும் தூள், பாத்திரம் கழுவும் நீர்மம் ஆகியவற்றையும் சிறு சிறு பையாகவே வாங்கும் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

போத்தலிலும் ஒரு குறை உண்டு

இதனைக் கொண்டு, போத்தல் வாங்கினால் பணம் தானே மிஞ்சும் என்று எண்ணிவிடக் கூடாது. பொட்டலத்திற்கு ஒரு நற்பண்பு உண்டு. அது தானே அளந்து தருகிறது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். போத்தலோ கை போனபடி ஊற்ற இடந்தருகிறது.

மேற்கூறிய விலையில் பெரிய போத்தலின் 12.5 மில்லிலீட்டர் சரியாக 50 காசு பெறும். இஃது ஏறத்தாழ இரண்டரைத் தேக்கரண்டி. ஒரு தடவைக்கு அதற்குமேல் ஊற்றுபவர் பொட்டலம் வாங்குபவரைவிட மிகுதியாகச் செலவழிக்கிறார். ஒவ்வொருவரும் 10 மில்லிலீட்டர் ஊற்றும் வீட்டில் ஆண்டிற்கு 13 போத்தல் தேவைப்படும். செலவு 166 வெள்ளி 40 காசு. அப்போது மிச்சம் 41 வெள்ளி 60 காசாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, போத்தலை வாங்கியவுடன் ஒரு தேக்கரண்டியையோ அளவு குறித்த மூடியையோ அதனருகில் வைத்துவிடுதல் வேண்டும். குட்டையான முடிக்கு ஒரு கரண்டி. நீண்ட கூந்தலுக்குச் சற்றுக் கூடுதல்.

பற்பசைக்கும் இது பொருந்தும். விளம்பரப் படத்தில் தூரிகையின் முழு நீளத்திற்கும் பசையை வளைத்து வைத்திருப்பர். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குப் பட்டாணி அளவும், அதற்கும் இளைய குழந்தைக்கு ஓர் அரிசி அளவுமே போதுமானவை.

மக்கள் ஏன் பொட்டலம் வாங்குகின்றனர்?

அறியாமையினால் என்று கூறுவது தவறாகும். மேற்கூறிய குடும்பம் நான்கு வாரத்தில் பொட்டலத்திற்கென 16 வெள்ளி செலவழிக்கிறது. பெரிய போத்தலின் விலையோ 12 வெள்ளி 80 காசு. எனவே, பணம் இல்லாமலில்லை. அது ஒரே நாளில் மொத்தமாகக் கையில் இல்லை என்பதே உண்மை. மழை நாள்களில் வெட்டு நின்றுவிடுகிறது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் பால் குறைகிறது. அத்தகைய நாளில் கையிலிருக்கும் ஒரு வெள்ளிக்கு இரண்டு பொட்டலம் கிடைக்கிறது, போத்தல் கிடைப்பதில்லை.

இத்தேவையை அறிந்தே பொட்டலமும் தோன்றிற்று. தமிழ்நாட்டில் 1970களில் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து எளிய மக்களுக்கு எட்டும் பொருளாக்கிய முன்னோடிகளுள் கடலூர் சின்னிகிருஷ்ணன் ஒருவர். அவருடைய மகன் ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் தனியே தொழில் தொடங்கி அதனைச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சென்றார். பின்னர் இந்தியாவில் போட்டி பெருகி, பொட்டலத்தின் விலை போத்தலைக் காட்டிலும் மலிவாக அமைந்த நிலையும் ஏற்பட்டது. எனவே, பெரியது எப்போதும் மலிவு என்றோ சிறியது எப்போதும் நட்டம் என்றோ விதியில்லை. கணக்கே விதி.

பொட்டலத்திலிருந்து போத்தலுக்கு

முதற் போத்தலை வாங்குவதே கடினம், அடுத்தது எளிது. அதற்குச் சில வழிகளைக் கூறுகிறோம்.

ஒன்று: சம்பள நாளன்று, மற்றச் செலவுகள் தொடங்கும் முன்னரே, போத்தலை வாங்கிவிடுக. மேற்கண்ட கணக்கின்படி அளந்து பயன்படுத்தினால் அஃது ஆறு வாரத்திற்கும் மேலாக வரும்.

இரண்டு: முழுத் தொகை இல்லையேல் சிறு போத்தலில் தொடங்குக. பின்னர், முன்பு பொட்டலத்திற்குச் செலவான காசை ஓர் உண்டியலில் இட்டு வருக. பெரிய போத்தலின் விலை விரைவில் சேர்ந்துவிடும்.

மூன்று: அண்டை வீட்டார் இருவர் ஆளுக்கு 6 வெள்ளி 40 காசு இட்டு ஒரு போத்தலை வாங்கி, அன்றே அளந்து பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்து ஊற்றும் போத்தல் தூய்மையாகவும் உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். இது பொருளைப் பங்கிடுவதேயன்றிக் கூட்டுப் பணம் பிடிப்பதன்று. கூட்டு நிதி நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

நான்கு: போத்தலைக் கடனுக்கு வாங்காதீர். கடைக்காரரின் ‘555’ குறிப்பேட்டில் எழுதப்படும் விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாயின், பெற்ற மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிடவேண்டும் என்று தொழிலாளரை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்த முதலாளிக்கு உரிமையில்லை என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தெளிவாக்கியுள்ளது. ஆகவே, இரண்டு மூன்று கடைகளின் விலையை ஒப்பிட்டு வாங்குக. பட்டணத்துக் கடைக்குச் செல்வதாயின் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

பொட்டலம் பொருந்தும் இடங்கள்

ஊர்ப் பயணம், மருத்துவமனையில் தங்குதல், விருந்தினர் வருகை ஆகியவற்றிற்குப் பொட்டலம் ஏற்றது. புதிய வகை ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதற்கும் அது சிறந்தது. தலையில் அரிப்போ தடிப்போ ஏற்பட்டால் 50 காசோடு போகும். 12 வெள்ளிப் போத்தல் வீணாகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

உறையின்மேல் நிகர அளவு மில்லிலீட்டரிலோ கிராமிலோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். ஒப்பனை, குளியற் பொருள்களை நம் நாட்டில் விற்பதற்கு முன் சுகாதார அதிகாரிகளிடம் பதிவறிக்கை செய்தல் வேண்டும். அந்த எண் ‘நோட்’ என்னும் மூன்று ரோமன் எழுத்துகளுடன் தொடங்கி, ‘கே’ என்னும் எழுத்துடன் முடியும். திறந்த டப்பாவின் படமும் அதனுள் 12 என்னும் எண்ணும் இருந்தால், திறந்த பின் 12 மாதத்திற்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பது பொருள். அதற்குள் தீராத அளவை வாங்குவது சிக்கனமாகாது.

போத்தலில் தண்ணீரைக் கலந்து வைக்காதீர். நீர் சேர்ந்தால் பொருள் கெடாமல் காக்கும் மருந்தின் வலிமை குறைந்து, கிருமிகள் வளர இடமுண்டாகும். நீர்த்துப் பயன்படுத்த விரும்பினால் குளிக்கும் நேரத்தில் குவளையில் கலந்துகொள்க.

இறுதியாக ஒன்று. 416 பொட்டலம் என்பது 416 கிழிந்த உறையுமாகும். இவ்வுறைகள் பல, வெவ்வேறு படலங்களை ஒட்டிச் செய்யப்பட்டவை. மறுபயனீட்டிற்கு எளிதில் உதவா. எரித்தால் நச்சுப் புகை எழும். வீட்டு வரிசையின் சாக்கடையில் விழுந்தால் நீரோட்டத்தைத் தடுக்கும். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் முதல் பத்து நாளில் அது பறக்கும் கொசுவாகிவிடும். பொட்டலமாயினும் போத்தலாயினும் தீர்ந்தபின் மூடிய குப்பைத் தொட்டியிலேயே இடுக.

பயிற்சி

40 கிராம் பற்பசை 2 வெள்ளி 40 காசு; 225 கிராம் பற்பசை 9 வெள்ளி. எது மலிவு? 100 கிராமுக்கு எவ்வளவு மிச்சம்? பள்ளி செல்லும் உங்கள் பிள்ளையிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

விடை: முதலாவது 100 கிராமுக்கு 6 வெள்ளி, இரண்டாவது 4 வெள்ளி. பெரியதே மலிவு, மிச்சம் 2 வெள்ளி.

அடுத்த சம்பள நாளில் கடைக்குச் செல்லும்போது அப்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிற்கு வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அது கணக்குச் சொல்லட்டும்.