மூக்கிலிருந்து மூளைக்கு

மழைக்காலத்தில் மறந்து வைத்த ரொட்டித் துண்டின்மேல் பஞ்சு போன்ற வெண்ணிழைகள் படர்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இழைகளின் நுனியில் கரும்புள்ளிகளும் இருந்தால், அது பெரும்பாலும் ரைசோபஸ் என்னும் பூஞ்சை. அப்புள்ளிகளில் எண்ணற்ற ஸ்போர்கள், அதாவது நுண்வித்துகள், உள்ளன. கண்ணுக்குத் தெரியாத இவை காற்றில் மிதக்கின்றன. நீங்களும் நானும் இவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம். ஆயினும் நமக்கு நோய் வருவதில்லை. நம் வெள்ளணுக்கள் இவற்றை அழித்துவிடுகின்றன.

இந்தக் காவல் எப்போது தளர்கிறது? நீரிழிவு கட்டுக்கடங்காதபோது வெள்ளணுக்கள் சோர்வடைகின்றன. இரத்தம் அமிலத்தன்மை அடைந்தால், புரதத்துடன் பிணைந்துள்ள இரும்பு விடுபடுகிறது. பூஞ்சை செழித்து வளர இரும்பு தேவை அல்லவா! 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பலருக்கு ஸ்டீராய்டு மருந்து தரப்பட்டது. அது உயிர்களைக் காத்தது. ஆனால் சர்க்கரையை உயர்த்தி, எதிர்ப்புச் சக்தியையும் குறைத்தது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோர் மியூகார்மைகோசிஸ் என்னும் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் நூற்றுக்கு 64 பேர் நீரிழிவு உள்ளவர்கள்.

நாளேடுகள் இதனைக் 'கருப்புப் பூஞ்சை' என்றன. உண்மையில் அக்கருமை பூஞ்சையின் நிறமன்று. பூஞ்சை இரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கிறது. இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. வாய்க்கால் அடைபட்டால் கடைமடைப் பயிர் கருகுவதுபோல், இரத்தம் கிடைக்காத திசு இறந்து கறுக்கிறது.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் சைனஸ் என்னும் காற்றறைகள் உள்ளன. அவற்றுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள எலும்புச் சுவர் மிக மெல்லியது; உடற்கூற்றியலார் அதற்குக் 'காகிதத் தகடு' என்றே லத்தீனில் பெயரிட்டுள்ளனர். மூக்கின் கூரையோ சல்லடை போன்றது; மோப்ப நரம்புகள் அதன் துளைகள் வழியே மூளைக்குச் செல்கின்றன. இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் பற்றிக்கொண்டு பூஞ்சை சில நாட்களிலேயே கண்ணையும் மூளையையும் எட்டிவிடலாம்.

இதற்கு ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து உண்டு. ஆனால் மருந்தும் இரத்தத்தின் வழியாகத்தானே செல்ல வேண்டும்? அடைபட்ட பகுதிக்கு அது போய்ச் சேராது. எனவேதான் இறந்த திசுவை அறுவை செய்து நீக்குகிறார்கள். தாமதித்தால் கண்ணையே இழக்க நேரிடலாம், உயிரும் போகலாம்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சாதாரணச் சளிக்கு அஞ்சவும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள எவருக்கேனும் முகத்தின் ஒரு பக்கம் வலியோ வீக்கமோ, பொருள்கள் இரண்டாகத் தெரிதலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கருமையோ தோன்றினால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.