திரைக்குப் பின்னால் ஓடும் டைமர்

கணினியை அணைக்காமல் சாப்பிடப் போகிறீர்கள். திரையில் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே நச்சுநிரல் தடுப்பான் புதிய தகவல் உண்டா என்று பார்க்கிறது. இன்னொரு நிரல் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இவைதான் பின்னணிச் சேவை நிரல்கள். விண்டோஸில் இவற்றை ‘சர்வீஸ்’ என்பார்கள், யூனிக்ஸில் ‘டீமன்’ என்பார்கள். இவற்றுக்குச் சன்னலும் இல்லை, சொடுக்குவதற்குப் பொத்தானும் இல்லை. இவற்றில் பலவற்றைத் தட்டி எழுப்புவது டைமர்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் பள்ளி அறிவியல் கழகம் ஒரு வெப்ப உணரியைக் கணினியுடன் இணைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிய வேண்டும். ‘அளந்து பதி, 60 வினாடி உறங்கு, மறுபடி தொடங்கு’ என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அளந்து பதிய அரை வினாடி ஆகிறது என்றால், ஒரு சுற்றின் நீளம் 60 அல்ல, 60.5 வினாடி. ஒரு நாளுக்குரிய 1,440 சுற்றுகள் முடியும்போது நிரல் 12 நிமிடம் பின்தங்கியிருக்கும். இதற்கு மருந்து எளிது: அடுத்த அளவீடு எப்போது என்பதைத் தொடக்க நேரத்திலிருந்து கணக்கிட்டு, மீதியுள்ள நேரம் மட்டும் உறங்கச் சொல்ல வேண்டும்.

அல்லது, 60 வினாடிக்கு ஒருமுறை தானாக மணியடிக்கும் டைமரை வைக்கலாம். இங்கேதான் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. இணையம் மெதுவாகி, பதிவை அனுப்ப 90 வினாடி பிடிக்கிறது. டைமருக்கு அது தெரியாது. 60 ஆனதும் அடித்துவிடும். பல டைமர்கள் வேலையை வேறொரு இழையில் தொடங்கக்கூடியவை. ஆகவே முதல் வேலை முடியும் முன்பே இரண்டாவது தொடங்கிவிடும். இரண்டும் ஒரே கோப்பில் எழுதும். நெரிசலால் வேகம் இன்னும் குறைய, மூன்றாவதும் வந்து சேரும்.

‘வேலை நடக்கிறது’ என்று ஒரு கொடியை ஏற்றி வைத்து, அது இறங்கும்வரை அடுத்த மணியைப் புறக்கணிப்பது ஒரு தீர்வு. ஆனால் வேலை நடுவில் பிழையாகி நின்றால், கொடியை இறக்க யாரும் இருக்கமாட்டார்கள். நிரல் ‘இயங்குகிறது’ என்றே பட்டியலில் காட்டும். ஒரு வேலையும் செய்யாது. சன்னல் இல்லாததால் அதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகலாம். புதிதாக நிரல் எழுதுவோருக்கு நான் பரிந்துரைப்பது ஒருமுறை மட்டும் அடிக்கும் டைமர்: வேலை வெற்றியோ தோல்வியோ, முடிந்த பிறகே அதை மறுபடி முடுக்குங்கள். நடந்ததைப் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

டைமர் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். 1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 11.30 மணிக்குக் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு 12.00 ஆயின. தினமும் இரவு 11.45-க்கு ஓட வேண்டிய நிரல் ஒன்று அன்று இருந்திருந்தால்? அந்த 11.45 வரவே இல்லை! அதனால் இயங்குதளங்கள் இரண்டு கடிகாரங்களை வைத்திருக்கின்றன. ஒன்று நாம் பார்க்கும் சுவர்க் கடிகாரம். அதை முன்னும் பின்னும் திருத்தலாம். மற்றது முன்னோக்கி மட்டுமே எண்ணும் எண்ணி. ‘60 வினாடி கழித்து’ என்பதற்கு இரண்டாவதே ஏற்றது.

அந்த எண்ணிக்கும் எல்லை உண்டு. 32 பிட் எண்ணி 4,294,967,295 வரை எண்ணி மறுபடி சுழியத்துக்கு வரும். மில்லிவினாடிகளை எண்ணினால், ஒரு நாளுக்கு 86,400,000 வீதம் 49.7 நாளில் நிரம்பிவிடும். விண்டோஸ் 95, 98 கணினிகள் தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்து போகும் கோளாறு இதனால்தான். அந்தக் காலத்தில் ஒரு கணினி அத்தனை நாள் நிற்காமல் ஓடியதே அபூர்வம் என்பதால் பலர் அதைச் சந்திக்கவே இல்லை.

விமானத்தில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2015-இல் போயிங் 787 பற்றி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் ஆணை வெளியிட்டது. தொடர்ந்து 248 நாள் மின்சாரம் பெற்றிருந்தால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் மென்பொருள் எண்ணி நிரம்பி வழியும். அவை அனைத்தும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடலாம். விமானம் பறந்துகொண்டிருந்தாலும் மாறுதிசை மின்சாரம் முழுவதும் நின்றுவிடும். ஆய்வுக்கூடச் சோதனையில் இது முன்கூட்டியே தெரிந்தது நல்லதாயிற்று. 120 நாளுக்குள் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கும்படி ஆணை சொன்னது. வினாடிக்கு 100 வீதம் எண்ணி, 2,147,483,648-ஐ எட்ட எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 248.55 வரும்.

இன்று பல இயங்குதளங்கள் 64 பிட் எண்ணியைத் தருகின்றன. அதில் மில்லிவினாடிகளை எண்ணினால் எத்தனை ஆண்டில் நிரம்பும்? கணிப்பானை எடுத்து முயலுங்கள். விடை ஏறத்தாழ 584 மில்லியன் ஆண்டுகள்.