பிரிட்ஜில் ஐஸ் அடைக்கிறதா? எக்ஸெல் உதவியுடன் காரணம் கண்டுபிடிக்கலாம்!

கம்ப்யூட்டர் இதழில் பிரிட்ஜுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இன்றைய பிரிட்ஜ்கள் பலவற்றில் சென்சார்களைப் படித்து முடிவெடுக்கும் சின்ன கண்ட்ரோல் போர்டு ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஹேங் ஆன கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போல, ஐஸ் அடைத்த பிரிட்ஜையும் ஒரு நாள் அணைத்து வைக்கிறோம். சரியாகிவிடுகிறது. பத்து நாளில் மீண்டும் ஐஸ். அடுத்து வரும் மெக்கானிக், "போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். விலை அதிகமான பாகங்களில் போர்டும் ஒன்று. அதற்குச் சம்மதிக்கும் முன் நீங்களே செய்யக்கூடிய சில சோதனைகளைப் பார்க்கலாம்.

இது பணப் பிரச்னை மட்டுமல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பின் நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் வகையில் பிரீசரில் ஐஸ் படிவது இயல்பு. அதற்குத்தான் டிப்ராஸ்ட் பட்டன் இருக்கிறது. கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். அந்த மெல்லிய சுவருக்குள் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. ஓட்டை விழுந்தால் பெரிய செலவு. இப்போது பல பிரிட்ஜ்களில் உள்ள ஆர் 600 ஏ கேஸ் தீப்பற்றக்கூடியதும் கூட.

பிராஸ்ட் ப்ரீ வகையில் ஐஸ் அடைத்தால்தான் அது கோளாறு. இதில் குளிர்ச்சி தரும் காயில், பிரீசரின் பின் தகட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிர்காற்றை மேலும் கீழும் அனுப்பும். காற்றிலுள்ள ஈரம் காயிலில் வெண்பனியாகப் படியும். எனவே பல மணி நேரத்திற்கு ஒருமுறை கம்ப்ரஸர் நின்று, காயில் அருகிலுள்ள ஹீட்டர் எரிந்து பனியை உருக்கும். நீர் ஒரு துளை வழியாகக் கீழிறங்கி, பின்புறத் தட்டில் சேர்ந்து ஆவியாகும். இந்த ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி கெட்டிப்பட்டு காற்று வழியை அடைத்துவிடும். அப்போது பிரீசர் ஐஸ் மலை; கீழ் அறையில் பால் கெட்டுப்போகும்!

ஐஸ் எங்கே கட்டுகிறது என்பதே முக்கியமான துப்பு. கதவு ஓரத்தில் என்றால் கேஸ்கட் எனப்படும் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று உள்ளே போகிறது. பிரீசரின் தரையில் பாளமாக ஐஸ் என்றால் நீர் இறங்கும் துளை அடைத்திருக்கலாம். பின் தகடு முழுவதும் வெண்பனி என்றால் டிப்ராஸ்ட் நடக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழ் அறையில் காய்கறியும் தண்ணீரும் உறைந்தால் கதை வேறு. காற்றைக் கீழே விடும் சின்னக் கதவு மூடாமல் சிக்கியிருக்கலாம், அல்லது சென்சார் உண்மையைவிட அதிக வெப்பம் காட்டி போர்டை ஏமாற்றலாம்.

இனி நம் கம்ப்யூட்டருக்கு வேலை. சாப்ட்வேரில் பிழை வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது லாக். பிரிட்ஜுக்கும் ஒன்று தயாரிப்போம். ஒயரின் நுனியில் சென்சாரும், குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலை நினைவில் வைக்கும் வசதியும் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒரு நுனி பிரீசரில். மற்றது கீழ் அறையில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள். டிஸ்பிளே வெளியே இருக்கட்டும்.

பிரிட்ஜைக் காலி செய்து, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். இன்சுலினுக்கு முன்பே வேறு பிரிட்ஜில் இடம் பார்த்துக் கொள்ளுங்கள். மீண்டும் இயக்கி, ஒரு நாள் கழித்து எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்திடுங்கள். ஏ காலத்தில் "திங்கள் காலை", "திங்கள் இரவு" என்று நேரம், பி-யில் பிரீசர், சி-யில் கீழ் அறை, டி-யில் பிரீசரின் இரவு அதிகபட்சம். தினமும் இரவு படுக்கும் முன் தெர்மாமீட்டரில் ரீசெட் அழுத்துங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன் அதிகபட்ச அளவைக் குறித்திடுங்கள். பத்து நாள் ஆனதும் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் சென்று லைன் சார்ட் போடுங்கள்.

டி கோடு சில இரவுகளிலாவது பல டிகிரி மேலே எழுந்தால், கதவே திறக்காதபோது பிரீசரைச் சூடாக்கியது ஹீட்டர்தான், டிப்ராஸ்ட் நடக்கிறது. கேஸ்கட்டையும் நீர்த்துளையையும் கவனியுங்கள். டி கோடு தட்டையாகவே இருந்து, சி கோடு நாளுக்கு நாள் ஏறினால் டிப்ராஸ்ட் நின்றுவிட்டது. சி கோடு பூஜ்யத்தைத் தொட்டால் சென்சாரும் காற்றுக் கதவும்.

டிப்ராஸ்ட் நின்றுவிட்டது என்றாலும் போர்டுதான் குற்றவாளி என்று அர்த்தமில்லை. ஹீட்டர், தெர்மல் பியூஸ், பை-மெட்டல் தெர்மோஸ்டாட் அல்லது டிப்ராஸ்ட் சென்சார் என்று வரிசையாக ஆள் இருக்கிறது. பின் தகட்டைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். உள்ளே இருப்பது 230 வோல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350 ஓம் காட்ட வேண்டும். பியூஸில் தொடர்பு இல்லை என்றால் அது போய்விட்டது.

பை-மெட்டலில் மட்டும் ஒரு சூட்சுமம். அது நன்றாகக் குளிர்ந்தால்தான் இணைப்புத் தரும். அறை வெப்பத்தில் அளந்தால் நல்லதும் கெட்டது போலவே காட்டும். ஐஸோடு இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தால் போர்டை மாற்றச் சம்மதியுங்கள். கதவு உட்புற ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும் உங்கள் சார்ட்டையும் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்திடுங்கள்.