விடுதலை தேடிச் சென்ற கப்பல்

பிரிக்பீல்ட்சில் உள்ள ஜாலான் துன் சம்பந்தன், மலாயாவின் விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான வீ. தி. சம்பந்தனின் பெயரைத் தாங்கியது. பல இனத்தார் ஒன்றுபட்டாலன்றி விடுதலை இல்லை என்பது பிரிட்டிஷாரின் நிலைப்பாடு. 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தல் அதற்கு விடையளித்தது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. இணைந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்.

ஆயினும், விடுதலைக்குப் பின் தங்கள் நிலை என்னவாகும் என்ற ஐயம் மலாய் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. 1956 ஜனவரி முதல் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் தூதுக்குழு லண்டனுக்குப் புறப்பட்டது. கூட்டணியினர் நால்வர், ஆட்சியாளர்களின் பேராளர்கள் நால்வர். விமான வசதி இருந்தும் கராச்சிவரை அவர்கள் கப்பலிலேயே சென்றனர். கடலில் கழிந்த அந்த நாள்கள் வீணல்ல. இரு தரப்பினரும் பேசிப் பேசி உடன்பாடு கண்டனர். லண்டனில் எண்மரும் ஒரே குரலில் பேசினர். பிப்ரவரி 8இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

குடியுரிமைச் சிக்கல் அவ்வளவு எளிதில் தீரவில்லை. பால்மரம் சீவியும் இரயில் பாதை அமைத்தும் இங்கேயே வேரூன்றிய தமிழர்களுக்கு அதுவே பெருங்கவலை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின், விடுதலை நாள் முதல் இங்குப் பிறப்போர் குடிமக்கள் என முடிவாயிற்று. முன்பே பிறந்தோரும் குடியேறியோரும் எனப் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

1957 ஆகஸ்ட் 31 காலை, மெர்டேக்கா அரங்கில் துங்கு பிரகடனத்தை வாசித்து, ‘மெர்டேக்கா’ என ஏழு முறை முழங்கினார். அன்று கிள்ளான் தோட்டமொன்றில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே இந்நாட்டுக் குடிமகன். அதன் பெற்றோரோ விண்ணப்பப் படிவத்தை நிரப்பவேண்டியவர்களாக இருந்திருக்கலாம்.